காக்கும்போது கூச்சல், அழிக்கும்போது மௌனம்

கிட் என்ற கருவி ஒரே வேலைக்காகப் பிறந்தது. எழுதிய நிரல் தொலையாமல் காப்பதுதான் அந்த வேலை. அதைச் சரியாகவே செய்கிறது. காத்துவிட்டேன் என்று பயனரிடம் சொல்ல மட்டும் அதற்கு வாய் வரவில்லை.

20 ஆண்டுகளாக வரவில்லை. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக இதை எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். அன்று முதல் பொறுப்பு அவரிடமே இருக்கிறது. கெர்னல் எழுதுகிறவர்களுக்காகச் செய்த கருவி இன்று உலகத்துக்கே கருவியாகிவிட்டது. அதன் பிழைச்செய்திகள் மட்டும் இன்னும் கெர்னல் எழுதுகிறவர்களிடமே பேசிக்கொண்டிருக்கின்றன.

அதற்கு விலை கொடுப்பவர்கள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிறார்கள்.

விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. இரண்டு ஊரிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. செஞ்சி, மயிலம், மரக்காணம், வானூர், விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள் பிள்ளைகள். பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 63,000 சதுர அடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஐ.டி. வேலை ஊர்ப்பக்கமே வந்துவிட்டது. அந்த வேலையின் வாசலில் கிட் நிற்கிறது.

"ப்ராஜெக்ட்டைக் கிட்ஹப்பில் ஏற்று, லிங்கை அனுப்பு" என்கிறது பயிற்சித் திட்டம். கிட்டில் காக்கும் நிரலை இணையத்தில் வைத்துப் பகிரும் தளம் கிட்ஹப். "கிட் தெரியுமா?" என்கிறது இன்டர்வியூ. தெரியாது என்றால் கதை அங்கேயே முடிந்தது. ஆக, கிட் இவர்களுக்கு விருப்பப்பாடம் அல்ல. கட்டாயம். கட்டாயமாக்கப்பட்ட கருவி புரிகிற மொழியில் பேசக் கடமைப்பட்டது.

அது எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள்.

நாலு பேர் சேர்ந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்கிறார்கள். மறுநாள் காலை ரிவ்யூ. தோழி மாலையிலேயே தன் பங்கை லேப் கணினியில் முடித்து ஏற்றிவிட்டாள். லேப் ஃபோல்டரை அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இரவு இவன் தன் பங்கை ஏற்றப் போகிறான். திரையில் வருகிறது: 'ஃபெயில்டு டு புஷ் சம் ரெஃப்ஸ்'. அனுப்பியது ஒரே ஒரு பிராஞ்ச், அதாவது நிரலின் ஒரே ஒரு கிளை. கருவியோ 'சில' என்கிறது. ரெஃப் என்றால் என்ன என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

கீழே ஒரு குறிப்பும் வருகிறது. 'கிட் புல்' செய்துவிட்டு மறுபடி அனுப்பு என்கிறது. நல்ல பிள்ளை, அப்படியே செய்கிறான். செய்ததும் முன்னதைவிடப் பெரிய பிழை. பிரிந்துபோன பிராஞ்ச்களை எப்படி இணக்குவது என்று நீ முடிவுசெய்யவில்லை, எனவே முடியாது என்கிறது கருவி. 2021 முதல் இதுதான் நிலை. கருவி சொன்ன வழியில் போனவனைக் கருவியே தடுத்து நிறுத்துகிறது.

நிறுத்திவிட்டு மூன்று கட்டளைகளை நீட்டுகிறது. ஒன்று மெர்ஜ். ஒன்று ரீபேஸ். ஒன்று ஃபாஸ்ட் ஃபார்வர்டு மட்டும். மூன்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்கிறது. எதைப் பொறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பிராஞ்ச்கள் பிரிந்துவிட்டன என்பதால்தான் இந்தச் செய்தியே வருகிறது. பிரிந்த பிராஞ்ச்களில் ஃபாஸ்ட் ஃபார்வர்டு நடக்காது. மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்து மறுபடி 'கிட் புல்' கொடுத்தால், ஃபாஸ்ட் ஃபார்வர்டு சாத்தியமில்லை என்று இன்னொரு பிழையைத் துப்பும். அந்த நிலையில் கண்டிப்பாகத் தோற்கும் வழி ஒன்றை, வழி என்று சொல்லிக் காட்டுகிறது கருவி. இதைப் பார்த்தும் அடுத்தடுத்த பதிப்புகளை வெளியிட்டிருக்கிறார்கள்.

இப்போது இரவு பதினொன்று. அவன் கூகுளில் தேடுகிறான். தேடினால் கிடைப்பது ஒரு சொல்: ஃபோர்ஸ். போடுகிறான். பிழை போய்விடுகிறது. சந்தோஷமாகத் தூங்குகிறான்.

காலையில் தோழியின் வேலை ரெப்போவில், அதாவது நால்வரும் பகிர்ந்த நிரல் கிடங்கில், இல்லை.

"எல்லாம் போச்சு சார்."

"எரரைப் படிச்சியாப்பா?"

"படிச்சேன் சார். புரியல."

குற்றம் அவன் தலையில் விழுகிறது. நாலு பேர் முன்னால் தலை குனிகிறான். நாம் கேட்கிறோம்: கருவி சொல்லியிருக்க வேண்டியது என்ன? 'உங்களுக்கு முன்பே வேறொருவர் ஏற்றிவிட்டார். அவர் வேலை அழியக்கூடாது என்பதற்காகத்தான் நிறுத்தினேன். உங்கள் வேலை உங்கள் கணினியில் பத்திரமாக இருக்கிறது. முதலில் அவருடையதை இறக்கிச் சேருங்கள். ஃபோர்ஸ் போட்டால் அவர் வேலை போய்விடும்.' ஐந்தே வரி. இந்த ஐந்து வரிக்குத் தேவையான தகவல் முழுவதும் அந்தக் கணத்தில் கருவியின் கையில் இருந்தது. தகவலை வைத்துக்கொண்டே தெளிவாகப் பேசாமல் இருந்ததுதான் குற்றம்.

ஃபோர்ஸுக்குப் பதில் ஆபத்துக் குறைந்த கட்டளை ஒன்று 2013 முதல் கிட்டில் இருக்கிறது. 'ஃபோர்ஸ் வித் லீஸ்' என்பது அதன் பெயர். நாம் கடைசியாகப் பார்த்த பிறகு ரெப்போவில் வேறு யாராவது எதையாவது ஏற்றியிருந்தால் அது மேலெழுத மறுக்கும். 'கிட் புல்' கொடுக்குமுன் இதைப் போட்டிருந்தால் இவன் கதையிலும் மறுத்திருக்கும். புஷ் நிராகரிக்கப்படும்போது வரும் குறிப்பில் அதன் பெயர் கிடையாது. செய்து வைத்தார்கள். சொல்லாமல் விட்டார்கள்.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ரயில் பாதைகள் ஐந்து திசைகளில் பிரிகின்றன. வண்டி தாமதமானால் எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு நேரம் என்று ஒலிபெருக்கி சொல்கிறது. 'சில வண்டிகளை அனுப்ப இயலவில்லை' என்று மட்டும் அறிவித்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே போய்விட்டால் ஜனம் சும்மா விடுமா? கிட்டை விட்டிருக்கிறோம். 20 ஆண்டுகளாக.

வேலை பத்திரமாக இருக்கும்போது இவ்வளவு கூச்சல். வேலை உண்மையிலேயே அழியும்போது?

மூச்சு விடுவதில்லை.

'கிட் ரீசெட் ஹார்டு' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கிட்டில் சேர்த்த ஃபைல்களில் கமிட் செய்யாத, அதாவது கிட்டில் இன்னும் பதியாத, மாற்றம் அத்தனையும் அந்த நொடியே போய்விடும். மூன்று நாள் எழுதியது போகலாம். கருவி கேட்பதில்லை. எச்சரிப்பதில்லை. ஹெட் (நாம் நிற்கும் கமிட்டைக் காட்டும் சுட்டி) இப்போது இந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் சொல்கிறது. எத்தனை ஃபைல் அழிந்தது என்று சொல்வதில்லை. அழிந்தது என்றே சொல்வதில்லை. ஃபோல்டர் மாறி நின்றுகொண்டு ஒரு கட்டளை கொடுத்தால் 'ஃபேட்டல்' என்று அலறுகிற அதே கருவி, வேலையைக் குழிதோண்டிப் புதைக்கும்போது வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் பேசுகிறது.

அவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 'கிட் கிளீன்' என்று ஒரு கட்டளை உண்டு. கிட்டில் சேர்க்காத ஃபைல்களைத் துடைப்பது அதன் வேலை. வெறுமனே கொடுத்தால் துடைக்காது. ஃபோர்ஸ் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் துடைப்பேன் என்று மறுத்துவிடும். ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டவர்கள் பக்கத்துக் கதவைத் திறந்துபோட்டிருக்கிறார்கள். இது அறியாமை அல்ல. அலட்சியம்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை கமிட் செய்துவிட்ட வேலையைக் கிட் எளிதில் தொலைப்பதில்லை. 'ரீஃப்லாக்' என்ற பதிவேட்டில் ஹெட் நின்ற இடங்களையெல்லாம் குறித்து வைக்கிறது. இயல்பான அமைப்பில் அந்தக் குறிப்புகள் 90 நாள் இருக்கும். எந்தப் பிராஞ்ச்சிலிருந்தும் எட்ட முடியாமல் போன கமிட்களுக்கு 30 நாள். போச்சு என்று பிள்ளைகள் அழுகிற வேலையில் எவ்வளவோ போகவே இல்லை. அவர்கள் கணினியிலேயே கிடக்கிறது. தவறான ரீசெட்டுக்குப் பிறகு 'பழைய நிலைக்குத் திரும்ப இதைக் கொடுங்கள்' என்று ஒரு வரி வந்திருந்தால் போதும். அந்த வரி வருவதில்லை. பிள்ளை பயந்துபோய் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்கிறான், அதாவது ரெப்போவை முழுதாக மீண்டும் இறக்குகிறான். ஃபோல்டரோடு ரீஃப்லாக்கும் போகிறது. காப்பாற்றி வைத்ததைக் காப்பாற்றினேன் என்று சொல்லாததால், பயனர் கையாலேயே அழிக்க வைத்தது கருவி.

அந்த மறு குளோனும் லேசில் முடிவதில்லை. ஹாஸ்டலில் மொபைல் ஹாட்ஸ்பாட். பாதியில் சிக்னல் போனால் 'மறுமுனை எதிர்பாராமல் துண்டித்தது' என்ற பொருளில் ஒரு பிழை. குளோன் விட்ட இடத்திலிருந்து தொடராது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாள் டேட்டா காலி. இதையும் செய்தி சொல்வதில்லை.

இனி கிட்ஹப்பைக் கேட்போம்.

2018-இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2028-க்குள் தன் தளத்தில் உலகிலேயே அதிக டெவலப்பர்கள் இந்தியாவில்தான் இருப்பார்கள் என்று 2024 அறிக்கையில் கிட்ஹப் கணித்தது. எண்ணிக்கையைக் கணிக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு அந்த டெவலப்பர் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கத் தெரியவில்லை.

அவன் லேப்பில் உட்கார்ந்திருக்கிறான். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று பலர் கைமாறிய கணினி அது. காலையில் வந்தவர் கணக்கு விவரம் விண்டோஸின் நினைவில் தங்கிவிட்டது. மாலையில் வந்தவன் தன் ரெப்போவுக்குத் தன் வேலையை அனுப்புகிறான். அனுமதி இல்லை என்று வருகிறது. தன் ரெப்போவில் தனக்கே அனுமதி இல்லை! உற்றுப் பார்த்தால் அந்த வரியில் வேறு யாருடைய பெயரோ இருக்கிறது. 'இந்தக் கணினியில் வேறொருவரின் கணக்கு சேமிக்கப்பட்டிருக்கிறது, அதனால்தான் மறுத்தேன். அதை நீக்க இப்படிச் செய்யுங்கள்' என்று யாரும் சொல்லவில்லை. தன் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பிள்ளை பயப்பட இது போதும். ஒரே கணினியைப் பலர் பகிர்கிற நாடு இது. கிட்ஹப் தன் அடுத்த சந்தை என்று எண்ணி வைத்திருக்கிற நாடும் இதுவே.

லினக்ஸில் வேறு கூத்து. 2021 ஆகஸ்ட் 13 முதல் கடவுச்சொல்லால் கிட்ஹப்புக்கு நிரல் அனுப்ப முடியாது. டோக்கன் வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்தார்கள், சரி. ஆனால் டெர்மினலில் கிட் இன்றும் 'பாஸ்வேர்டு' என்றே கேட்கிறது. பிள்ளை பாஸ்வேர்டு தருகிறான். தட்டுகிற எழுத்து திரையில் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று இரண்டு முறை தட்டுகிறான். பிறகு பதில் வருகிறது: பாஸ்வேர்டு ஏற்கப்படாது. கேட்டது நீ. கொடுத்தான். ஏற்க மாட்டேன் என்பதும் நீ. கேள்வி கேட்பது கிட். மறுப்பது கிட்ஹப். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் நிற்பவனுக்குப் பதில் சொல்ல யாருமில்லை.

ஃபோர்ஸ் புஷ் விஷயத்திலும் கிட்ஹப்புக்குப் பங்கு உண்டு. புதிய ரெப்போவின் மெயின் பிராஞ்ச்சுக்கு அது தானாகப் பூட்டுப் போடுவதில்லை. போட்டி நிறுவனமான கிட்லேப் போடுகிறது. அங்கே மெயின் பிராஞ்ச்சில் ஃபோர்ஸ் எடுத்த எடுப்பிலேயே செல்லாது. மேலே சொன்ன தோழியின் வேலை கிட்லேப்பில் இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

எழுதத் தெரியாதவர்கள் அல்ல இவர்கள். நிரலுக்குள் ரகசியச் சாவி எதையாவது தெரியாமல் வைத்து ஏற்றினால் கிட்ஹப் தடுத்து நிறுத்துகிறது. எந்தக் கமிட், எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று காட்டுகிறது. என்ன செய்யலாம் என்றும் சொல்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? சாவி திருடு போனால் பெரிய கம்பெனிக்கு நஷ்டம். மாணவன் வேலை போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதல் கமிட் செய்யுமுன் புஷ் கொடுத்தாலும், பிராஞ்ச் பெயர் மாஸ்டரா மெயினா என்று குழம்பினாலும் ஒரே பிழைதான் வருகிறது: 'ரெஃப்ஸ்பெக்' எதனோடும் பொருந்தவில்லை. 2020 அக்டோபரில் கிட்ஹப் புதிய ரெப்போக்களுக்கு மெயின் என்ற பெயரைக் கொண்டுவந்த பிறகு இந்தப் பிழையைப் பார்க்காத மாணவர் அரிது. கிட்ஹப்பில் ரீட்மீயோடு ரெப்போ தொடங்கி, கணினியில் தனியாக ஒன்றைத் தொடங்கி, இரண்டையும் சேர்க்கப் போனால் 'தொடர்பில்லாத வரலாறுகளைச் சேர்க்க மறுக்கிறேன்' என்கிறது. 2016 முதல் மறுக்கிறது. ஏன், அடுத்து என்ன என்று ஒரு சொல் கிடையாது. எஸ்.எஸ்.எச். வழியாகப் போனால் சாவி தவறா, அனுமதி இல்லையா, ரெப்போவே இல்லையா என்று பிரிக்காமல் கிட் தன் செய்தியில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறது.

நல்ல செய்தி எழுத கிட் குழுவுக்கே தெரியும் என்பதுதான் நம் கோபத்துக்கு அடிப்படை. பெயரும் மின்னஞ்சலும் தராமல் கமிட் செய்தால், நீங்கள் யார் என்று சொல்லுங்கள் என்று கேட்டு, கொடுக்க வேண்டிய இரண்டு கட்டளைகளையும் அப்படியே எழுதிக் காட்டுகிறது. கட்டளையின் பெயரைத் தப்பாகத் தட்டினால் இதைச் சொன்னீர்களா என்று சரியான பெயரை எடுத்துக் கொடுக்கிறது. பூட்டு ஃபைல் ஒன்று மிச்சமிருந்து வேலை தடைப்பட்டால், வேறொரு கிட் ஓடிக்கொண்டிருக்கலாம், அது இல்லையென்றால் முன்பு பாதியில் நின்றிருக்கலாம், அப்படியானால் இந்த ஃபைலை நீக்குங்கள் என்று படிப்படியாகச் சொல்கிறது. அந்தச் செய்தியைப் படித்துத் தாங்களாகவே சரிசெய்துகொள்கிற முதலாண்டுப் பிள்ளைகள் உண்டு. இதே அக்கறையை ஏன் எல்லா இடத்திலும் காட்டவில்லை?

புதிய அறிவு எதுவும் தேவைப்படவில்லை. கணினி தன் பயனரைத் திட்டக்கூடாது, குறிப்பாகச் சொல்ல வேண்டும், அடுத்து என்ன என்று சொல்ல வேண்டும் என்பதை பென் ஷ்னைடர்மன் 1982-இலேயே எழுதிவிட்டார். கிட் பிறப்பதற்கு 23 ஆண்டுகள் முன்பு. 2013-இல் எம்.ஐ.டி.யின் சாண்டியாகோ பெரெஸ் டி ரோஸோவும் டேனியல் ஜாக்சனும் கிட்டின் அடிப்படைக் கருத்துகளிலேயே எங்கே சிக்கல் என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். பைத்தான் மொழி 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில் தன் பிழைச்செய்திகளைத் திருத்தியது. முன்பெல்லாம் அடைப்புக்குறியை மூட மறந்தால் சம்பந்தமில்லாத வரியைக் காட்டி இலக்கணப் பிழை என்றது. இப்போது இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அதையே தொட்டுக் காட்டுகிறது. பைத்தானும் கட்டற்ற மென்பொருள்தான். அதன் பின்னாலும் தன்னார்வலர்கள்தான். தன்னார்வத் தொண்டு, குறை சொல்லாதே என்ற பேச்சு இதற்குப் பிறகு எடுபடாது. கிட்டுக்கு நிரல் எழுதுவோரில் கூகுளிலும் கிட்ஹப்பிலும் கிட்லேப்பிலும் சம்பளம் வாங்குவோர் கணிசமாக இருக்கும்போது அறவே எடுபடாது.

பாதி வழியில் ஒரு திருத்தமும் நடந்தது. 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளை பிராஞ்ச்சையும் மாற்றியது, எழுதியதையும் அழித்தது. 2019 ஆகஸ்டில்தான் அதை 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். 14 ஆண்டுகள் பிடித்தது. இன்னொரு 14 ஆண்டுகள் விழுப்புரத்துப் பிள்ளைகளிடம் இல்லை. அவர்களிடம் இருப்பது எட்டு செமஸ்டர்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இங்கேயும் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

கிட்டின் செய்திகளை வேறு மொழிகளில் தருவதற்கான வசதி 2012 முதல் இருக்கிறது. ஸ்வீடிஷ் மொழியில் இருக்கிறது. பல்கேரிய மொழியில் இருக்கிறது. கட்டலான், வியட்நாமியம், துருக்கி, உக்ரேனியம் எல்லாம் இருக்கின்றன. ஸ்வீடனின் மக்கள்தொகை 1 கோடி அளவு. பல்கேரியாவில் அதுவும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6.9 கோடி. கிட்டின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

யாரும் தடுக்கவில்லை. அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு மொழிபெயர்ப்பு ஃபைலைச் செய்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள். அதில் 5,000-க்கும் மேற்பட்ட செய்திகள் உள்ளன. ஆறு பேருக்குச் சம்பளம் கொடுத்தால் சில மாத வேலை. 2001 முதல் தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் இயங்குகிறது. தமிழ்க் கணிமை என்று மாநாடுகள் நடக்கின்றன. மேடைகள் நிறைகின்றன. 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று அரசு அறிவித்தது, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. கணினியைக் கொடுக்கிற அரசுக்கு அந்தக் கணினி பிள்ளையிடம் என்ன மொழியில் பேசும் என்ற கேள்வி எழவில்லை.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கட்டற்ற மென்பொருளைச் சொல்லித்தருகிறார்கள். 'கணியம்' இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கி எழுதிவருகிறது. அரசு செய்யாததைத் தனிமனிதர்கள் விடுமுறை நாளில் செய்கிறார்கள். அவர்களைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்துவது எளிது. அவர்கள் சுமையை வாங்கிக்கொள்வதுதான் அரசின் வேலை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். புரியாத செய்தியைத் தமிழாக்கினால் புரியாத தமிழ்ச் செய்திதான் கிடைக்கும். 'சில ரெஃப்களைத் தள்ள இயலவில்லை' என்பதால் யாருக்கும் பயனில்லை. மூலத்தில் திருத்தம் வேண்டும். தமிழும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடக் கூடாது.

கல்லூரிகளும் தப்ப முடியாது. ஆட், கமிட், புஷ் என்ற மூன்று கட்டளைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் கிட் பாடம் முடிந்தது என்று நினைக்கிற பாடத்திட்டம் எதுவானாலும் அது மோசடி. மூன்றும் வேலை செய்கிற நாளில் ஆசிரியர் தேவையில்லை. வேலை செய்யாத நாளுக்குத்தான் பாடம் தேவை. ஒரே வரியை இருவர் மாற்றுவதால் எழும் கான்ஃப்ளிக்ட்டை வரவைத்து அதைத் தீர்க்கச் சொல்ல வேண்டும். ரீசெட் செய்யச் சொல்லி, ரீஃப்லாக் வழியாகத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஃபோர்ஸ் என்ற சொல்லை ஆசிரியர் வாயிலிருந்து, அதன் விளைவோடு, கூகுளுக்கு முன்பே பிள்ளைகள் கேட்டிருக்க வேண்டும். அடுத்த செமஸ்டரின் லேப் ரெக்கார்டில் இவை இருக்க வேண்டும். லேப் கணினியில் ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சேமித்த கணக்கு விவரம் துடைக்கப்பட வேண்டும். இதற்கு நிதி தேவையில்லை. ஆணை தேவையில்லை. கட்டளைகளை எழுதிய பேட்ச் ஃபைல் ஒன்று போதும். இன்றுவரை செய்யாத லேப் பொறுப்பாளர்கள் காரணம் சொல்லட்டும்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் கிட் மொழிபெயர்ப்புக்கு ஆள் நியமிக்க வேண்டும். எப்போது தொடங்கும், எப்போது முடிக்கும் என்று தேதியோடு அறிவிக்க வேண்டும். புஷ் நிராகரிப்பு, கான்ஃப்ளிக்ட், பிரிந்த பிராஞ்ச்கள், அனுமதி மறுப்பு ஆகிய செய்திகள் முதலில் வரட்டும். மீதம் பின்னால் வரலாம்.

கிட்ஹப் புதிய ரெப்போக்களின் மெயின் பிராஞ்ச்சில் ஃபோர்ஸ் புஷ்ஷைப் பூட்ட வேண்டும். வேண்டுமென்பவர் திறந்துகொள்ளட்டும். அனுமதி மறுக்கும்போது எந்தக் கணக்கால் மறுத்தோம், அந்தக் கணக்கு கணினியில் எங்கிருந்து வந்திருக்கலாம் என்று சொல்ல வேண்டும்.

கிட் குழுவிடம் கேட்பது மூன்று. புதிய பதிப்பு ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒன்று வருகிறது. அடுத்ததில், புஷ் நிராகரிக்கப்படும்போது வரும் முதல் வரி, உங்கள் வேலை பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதன்கீழ் காட்டும் ஒவ்வொரு கட்டளையும் அந்த நிலையில் வேலை செய்கிற கட்டளையாக இருக்க வேண்டும். 'ரீசெட் ஹார்டு' கொடுத்தவரிடம், கமிட் செய்யாத இத்தனை ஃபைல் அழியப்போகிறது, தொடரலாமா என்று கருவி கேட்க வேண்டும். ஆம் என்று பதில் வரும்வரை ஒரு எழுத்தைக்கூட அது தொடக்கூடாது.